மேசன் (ஒஹாயோ, சின்சினாட்டி அருகே) தமிழ்க் குடும்பங்கள் குழு: சிகாகோவா, சின்சினாட்டியா?

கவிதா, மாலை 6:42
எல்லோருக்கும் வணக்கம் 🙏 அம்மா ஜூன் முதல் வாரம் சென்னையிலிருந்து வருகிறார்கள். தனியாக வருவது இதுதான் முதல் தடவை. சிகாகோ வரை டிக்கெட் போட்டுவிட்டு நாங்கள் காரில் போய்க் கூட்டி வரலாமா, இல்லை சின்சினாட்டிக்கே போட்டுவிடலாமா? சமீபத்தில் பெற்றோரை வரவழைத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆனந்த், மாலை 6:45
சிகாகோதான் கவிதா. துபாய், தோஹா, அபுதாபி எது வழியாக வந்தாலும் ஒரே மாற்றம். விலையும் பெரும்பாலும் குறைவு. நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறோம்.

லதா, மாலை 6:49
ஒரே மாற்றம் இங்கேயும் இருக்கிறதே ஆனந்த். 2023 ஜூனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டன்–சின்சினாட்டி நேர் விமானம் ஆரம்பித்தது. சென்னை–லண்டனும் அவர்களே ஓட்டுகிறார்கள். என் மாமனார், மாமியார் அதில்தான் வந்தார்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிட்டோம். லண்டனில் விமானத்தின் வாசலுக்கே ஆள் வந்து அழைத்துப் போய் அடுத்த விமானத்தில் உட்கார வைத்தார்.

கவிதா, மாலை 6:50
லண்டனில் மாற விசா ஏதாவது வேண்டுமா அக்கா?

லதா, மாலை 6:52
அமெரிக்க விசா கையில் இருந்தால் பெரும்பாலும் தனியாகக் கேட்பதில்லை. ஆனால் இந்த விதிகள் அடிக்கடி மாறும். பிரிட்டன் அரசின் தளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

ஆனந்த், மாலை 6:55
அக்கா, ஒருவர் வருவதற்குச் சரி. குடும்பத்தோடு நாலு பேர் போகும்போது ஆளுக்கு நூறு, இருநூறு டாலர் கூடினால் அது சின்னத் தொகை இல்லை.

சுந்தரம் சார், மாலை 7:03
ஆனந்த் சொல்வது நியாயம். ஆனால் சிகாகோ போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். பெட்ரோல், பார்க்கிங், ஒரு நாள் லீவு எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வரும் எழுபது வயது அம்மாவை உடனே ஐந்து மணி நேரம் காரில் உட்கார வைப்பதையும் சேர்க்க வேண்டும். இங்கே இறங்கினால் நாற்பது நிமிடத்தில் மேசனில் வீடு.

சுந்தரம் சார், மாலை 7:04
இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த விமான நிலையம் ஒரு தடவை கிட்டத்தட்ட ஓய்ந்துபோனதைப் பார்த்தவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரபு, மாலை 7:05
எழுதுங்கள் சார். நான் வேலை பார்ப்பது விமான நிலையத்தை ஒட்டிய ஹெப்ரான் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில். எனக்கும் இது தெரிய வேண்டும்.

சுந்தரம் சார், மாலை 7:14
நான் 1998-ல் வந்தபோது இது டெல்டா விமான நிறுவனத்தின் பெரிய ஹப், அதாவது பயணிகள் விமானம் மாறும் மையம். 2005 வாக்கில் ஒரு நாளைக்கு 600-க்கு மேல் விமானங்கள், வருடத்துக்கு 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல் பயணிகள். அவர்களில் பெரும்பாலோர் சின்சினாட்டிக்கு வந்தவர்களே இல்லை, இங்கே இறங்கி அடுத்த விமானத்துக்கு மாறிப் போனவர்கள். உள்ளூரில் இருந்த நாங்கள் டிக்கெட் வாங்கப் போனால் நாட்டிலேயே மிக அதிகக் கட்டணம் உள்ள இடங்களில் இதுவும் ஒன்று. போட்டிக்கு வேறு நிறுவனம் இல்லை, வேறென்ன செய்வது? டேட்டன், லூயிவில், கொலம்பஸ், இண்டியானாபொலிஸ் என்று காரை எடுத்துக்கொண்டு ஓடினோம். நம் வாசலில் 600 விமானம் பறந்தது, நாமோ பக்கத்து ஊரில் போய் ஏறினோம்.

சுந்தரம் சார், மாலை 7:21
2005 செப்டம்பரில் டெல்டா திவால் பாதுகாப்பு கேட்டது. 2008-ல் நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தை இணைத்துக்கொண்டார்கள். நார்த்வெஸ்டுக்கு டெட்ராய்ட்டில் பெரிய ஹப் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் இரண்டு ஹப் எதற்கு? இங்கே வெட்ட ஆரம்பித்தார்கள். டெல்டாவுக்காகச் சிறிய விமானங்களை ஓட்டிய காம்ஏர் இந்த ஊரில் பிறந்த நிறுவனம். அதை 2012-ல் மூடினார்கள். அந்தச் சிறிய விமானங்களுக்காகவே கட்டிய ‘சி’ என்ற பயணிகள் கூடம் பூட்டிக் கிடந்து, பிறகு இடிக்கப்பட்டது. 2013-ல் வருடத்துக்கு 60 லட்சம் பயணிகள்கூட இல்லை. எட்டு வருடத்தில் கால் பங்காகிவிட்டது.

கவிதா, மாலை 7:23
இவ்வளவு நடந்ததா! நாங்கள் வந்தது இரண்டு வருடம் முன்னால்தான். எப்போதும் நன்றாக ஓடுகிற இடம் என்று நினைத்திருந்தேன்.

லதா, மாலை 7:26
வேலை போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். பைலட், பணிப்பெண், பெட்டி ஏற்றுபவர், சாப்பாட்டுக் கடைக்காரர். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான ஃப்ளாரன்ஸில் பல வீடுகளில் விற்பனைப் பலகை தொங்கியது.

சுந்தரம் சார், மாலை 7:33
வெளியே இருந்த கம்பெனிகளுக்கும் அடி விழுந்தது. சிக்கீட்டா வாழைப்பழக் கம்பெனியின் தலைமையகம் 1980களிலிருந்து இங்கேதான் இருந்தது. வெளிநாடுகளுக்கு ஓயாமல் பறக்க வேண்டிய தொழில். 2011 நவம்பரில் வட கரோலினாவின் சார்லட்டுக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அங்கே கொடுத்த சலுகைகளும் ஒரு காரணம், ஆனால் விமான வசதியையும் வெளிப்படையாகவே சொன்னார்கள். அன்று நகரத்தில் எல்லோரும் பேசிக்கொண்டது ஒன்றுதான்: அடுத்தது யார்? (சார்லட்டிலும் அவர்கள் நிலைக்கவில்லை. சில வருடத்தில் கம்பெனியைப் புதியவர்கள் வாங்கி அந்த அலுவலகத்தையும் மூடிவிட்டார்கள். சலுகை கொடுத்து இழுத்து வந்ததை இன்னொருவர் இழுத்துப் போவது எளிது.)

ஆனந்த், மாலை 7:36
அப்புறம் எப்படி சார் மீண்டது?

சுந்தரம் சார், மாலை 7:43
ஹப் போனதால்தான் மீண்டது என்பேன். டெல்டா காலி செய்த இடத்துக்கு மலிவு நிறுவனங்கள் வந்தன. 2013-ல் ஃப்ரான்டியர், 2014-ல் அலீஜியன்ட், 2017-ல் சவுத்வெஸ்ட். போட்டி வந்ததும் டெல்டாவே விலையைக் குறைத்தது. டேட்டனுக்கும் லூயிவில்லுக்கும் ஓடிய கார்கள் திரும்பி வந்தன. 2019-ல் 91 லட்சம் பேர். பழைய இரண்டு கோடியோடு வைத்துப் பார்த்தால் குறைவுதான். ஆனால் இந்த 91 லட்சத்தில் பெரும்பாலோர் இங்கே வீட்டிலிருந்து கிளம்பியவர்கள், இல்லையென்றால் இங்கே யாரையோ பார்க்க வந்தவர்கள். மாறிப் போகிறவர் எண்ணிக்கையை ஒரு நிறுவனம் ஒரே இரவில் வேறு ஊருக்குத் திருப்பிவிடலாம். ஊர்க்காரரின் பயணத்தை அப்படித் திருப்ப முடியாது. எனக்கு அந்த 600 விமானத்தைவிட இப்போது இருப்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆனந்த், மாலை 7:47
சார், புரிகிறது. இருந்தாலும் ஒரு விமான நிலையம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் ஏன் கூடுதல் பணம் கட்ட வேண்டும்? அது நிறுவனங்களும் அரசும் பார்க்க வேண்டிய வேலை இல்லையா?

சுந்தரம் சார், மாலை 7:55
நிறுவனங்கள் பார்க்கத்தான் செய்கின்றன. எல்லாம் வெட்டுப்பட்ட காலத்திலும் இங்கிருந்து பாரிஸ் போகும் விமானத்தை மட்டும் ஏன் வெட்டவில்லை தெரியுமா? இங்கே ஜிஇ விமான எஞ்சின் செய்கிறது. பிரான்ஸின் ஸ்னெக்மாவோடு (இப்போது சஃப்ரான்) சேர்ந்து 1974-லேயே சிஎஃப்எம் என்ற கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். அந்த எஞ்சினியர்கள் இரு பக்கமும் போய் வருகிறார்கள். இங்கே தலைமையகம் உள்ள பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) ஆட்களும் போகிறார்கள். அந்த இருக்கைகள் நிரம்புவதால் அது ஓடுகிறது. லண்டன் விமானத்தை நிரப்ப நம்மைப் போன்ற குடும்பங்களும் வேண்டும். சென்னை, ஹைதராபாத், பெங்களூர், மும்பை போகிறவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் இருக்கிறோம்! நாம் எல்லோரும் சிகாகோவில் போய் ஏறினால், சின்சினாட்டியில் இந்தியாவுக்குப் போக ஆளே இல்லை என்றுதான் விமான நிறுவனத்தின் கணக்கு சொல்லும். இடம் காலியாகப் பறந்தால் எடுத்துவிடுவார்கள். கூடுதலாக எவ்வளவு கட்டலாம் என்பது அவரவர் கையில் உள்ளதைப் பொறுத்தது, அதில் நான் தலையிட மாட்டேன். விலை ஒட்டி வரும்போதாவது இங்கே போடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஆனந்த், மாலை 7:58
ஒட்டி வந்தால் நிச்சயம் போடுகிறேன் சார். ஆளுக்கு நூறு வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் எனக்குச் சிகாகோதான்.

சுந்தரம் சார், மாலை 7:59
👍

கவிதா, மாலை 8:02
அம்மாவுக்கு லண்டன் வழியாகவே பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: சின்சினாட்டி விமான நிலையம் ஏன் கென்டக்கியில் இருக்கிறது?

பிரபு, மாலை 8:06
முன்னால் லங்கன் என்ற ஆற்றோர நிலையம்தான் பிரதானம். 1937 வெள்ளத்தில் ஒஹாயோ ஆறு அதை மூழ்கடித்தது. மேட்டு நிலம் தேடியபோது ஆற்றுக்குத் தெற்கே கென்டக்கிக்காரர்கள் முந்திக்கொண்டு இடம் கொடுத்தார்கள். 1947-லிருந்து பயணிகள் விமானம் அங்கேதான். சிவிஜி (CVG) என்ற விமான நிலையக் குறியீடுகூட அங்குள்ள கோவிங்டன் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது.

பிரபு, மாலை 8:07
ஒரு குறிப்பு: அழைத்து வரப் போகும்போது நகரத்தின் நடுவே பிரென்ட் ஸ்பென்ஸ் பாலம் வழியாகப் போகாதீர்கள். 1963-ல் ஒரு நாளைக்கு 80,000 வண்டிக்காகக் கட்டியது, இப்போது அதைப்போல இரண்டு மடங்கு போகிறது. 2020 நவம்பரில் லாரிகள் மோதித் தீப்பிடித்து ஆறு வாரம் மூடியே கிடந்தது. பக்கத்தில் புதுப் பாலம் வரும்வரை 275 சுற்றுச் சாலைதான் நிம்மதி.

கவிதா, மாலை 8:12
நன்றி பிரபு. நீங்கள் ஹெப்ரான் என்றதும் இன்னொன்று கேட்கத் தோன்றியது. என் இட்லி மாவும் பொடியும் இந்தக் குழுவில் பலர் வாங்குகிறீர்கள். இதை ஒரு சிறிய கடையாக வைக்கலாம் என்று ஆசை. விமான நிலையப் பக்கம் சரக்கு வேலைக்கு நிறைய நம் ஆட்கள் வருகிறார்களாமே. அங்கே பார்க்கலாமா, இல்லை நகரத்துக்குள் ஓவர் த ரைன் பக்கமா?

பிரபு, மாலை 8:20
ஆட்கள் இருக்கிறார்கள், உண்மை. அமேசான் 2021 ஆகஸ்டில் 150 கோடி டாலர் செலவில் தன் விமானச் சரக்கு மையத்தை அங்கே திறந்தது. டிஹெச்எல் 2009-ல் திரும்பி வந்ததிலிருந்து இருக்கிறது. இரவில் வந்து பாருங்கள், ஓடுபாதை தூங்காது. அந்த நேரத்தில் சூடாகச் சாப்பிட நல்ல இடம் இல்லை என்று எல்லோருமே சொல்கிறார்கள்.

சுந்தரம் சார், மாலை 8:27
வியாபாரம் இருக்கும். ஆனால் ஒரே கம்பெனியின் ஆட்களை மட்டும் நம்பி நீண்ட ஒப்பந்தம் போடாதீர்கள் கவிதாம்மா. இங்கிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் வில்மிங்டன் இருக்கிறது. டிஹெச்எல் 2005-ல் இங்கிருந்து கிளம்பி அங்கேதான் போனது. 2008 நவம்பரில் அமெரிக்க உள்நாட்டு வேலையை நிறுத்துவதாக அறிவித்தது. அந்தச் சிறிய ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான வேலைகள் போயின. சாப்பாட்டுக் கடை, முடி வெட்டும் கடை எல்லாம் கூடவே போயின. பயணிகள் பக்கம் டெல்டாவிடம் நாம் பட்டதையே சரக்குப் பக்கம் அவர்கள் பட்டார்கள். அமேசான் பெரியது, நாளையே போகாது. ஆனால் வாடிக்கையாளர் பல பக்கமிருந்தும் வர வேண்டும்.

லதா, மாலை 8:35
ஓவர் த ரைனில் என் தோழி ஒருத்தி கைவினைக் கடை வைத்திருந்தாள். 2003-ல் பெரிய கம்பெனிகள் பணம் போட்டு 3சிடிசி என்ற அமைப்பைத் தொடங்கிய பிறகு அந்தப் பகுதி மாறிக்கொண்டே வந்தது. 2012-ல் வாஷிங்டன் பூங்காவைப் புதுப்பித்தார்கள். 2016-ல் டிராம் வந்தது, இப்போது அதில் கட்டணமே இல்லை. பார்க்க அழகு. ஆனால் கூட்டம் சேரச் சேர வாடகையும் ஏறியது. ஒப்பந்தம் முடிந்ததும் கட்டட உரிமையாளர் கேட்ட தொகையை அவளால் கொடுக்க முடியவில்லை. அவளாவது வேறு இடம் பார்த்துக்கொண்டாள். பல வருடமாக அங்கே குடியிருந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் எத்தனையோ பேர் வெளியேற வேண்டியிருந்தது. அந்தக் கட்டடங்களைக் காப்பாற்றியது நல்லது. அதில் வாழ்ந்தவர்களை அதே அக்கறையோடு காப்பாற்றவில்லை என்பது எனக்கு இன்னும் மனக்குறை.

கவிதா, மாலை 8:38
அப்படியானால் இரண்டு இடமும் வேண்டாமா அக்கா?

லதா, மாலை 8:44
வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கடை எடுக்காமல் ஆரம்பியுங்கள். ஃபைண்ட்லே மார்க்கெட் 1850களிலிருந்து நடக்கிற பொதுச் சந்தை, அங்கேயே ஃபைண்ட்லே கிச்சன் என்று சிறு உணவுத் தொழில் தொடங்குபவர்களுக்கான பொதுச் சமையலறை இருக்கிறது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துச் சமைக்கலாம். மாவு குளிரில் வைக்க வேண்டிய பொருள், அதை வீட்டுச் சமையலறையில் அரைத்து விற்க ஒஹாயோ விதி இடம் கொடுக்காது. பொடி வகைகளுக்கு அந்தத் தடை இல்லை, சரியான லேபிள் ஒட்டி விற்கலாம். ஆனால் ஒஹாயோவுக்குள் மட்டும்தான்.

பிரபு, மாலை 8:46
அப்போது ஹெப்ரானில் விற்கக் கென்டக்கி அனுமதி தனியாக வாங்க வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் சட்டமே வேறு.

கவிதா, மாலை 8:51
இது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. மாவை இப்போதைக்கு நிறுத்திவிட்டு அந்தச் சமையலறையில் விவரம் கேட்கிறேன். பொடி மட்டும் தொடரட்டும். சந்தையில் வார இறுதியில் மேஜை போட என்ன செய்ய வேண்டும்?

லதா, மாலை 8:53
சனிக்கிழமை காலை நான் காய்கறி வாங்கப் போகிறேன், கூட வாருங்கள். சந்தை அலுவலகத்தில் நேரிலேயே கேட்டுவிடலாம். பத்து மணிக்கு முன்னால் போனால் நிறுத்த இடம் கிடைக்கும்.

பிரபு, மாலை 8:55
கென்டக்கி அனுமதிக்கு எந்த அலுவலகம், என்ன கட்டணம் என்று எங்கள் கேன்டீன்காரரிடம் நாளை கேட்டுக் குழுவில் போடுகிறேன். அங்கே இரவு ஷிப்டில் இருக்கும் தமிழர்களும் தெலுங்குக்காரர்களும் எத்தனை பேர், எந்த நாள் வாங்குவார்கள் என்றும் ஒரு பட்டியல் எடுக்கிறேன். பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் எனக்கு இப்போதே இரண்டிரண்டு.