சிப்ஸ் கவரை என்ன செய்ய?

பிளஸ் ஒன் மாணவி, அம்பை பக்கம்:
எங்கள் பள்ளியில் குப்பையைப் பிரிக்க ஆரம்பித்திருக்கிறோம். காகிதம், அட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஆக்கர் கடையில் (பழைய சாமான் வாங்கும் கடை) எடுத்துக்கொள்கிறார்கள். சிப்ஸ் கவர் மட்டும் வேண்டாமாம். சைக்கிள் ஷெட் ஓரம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. என்ன செய்ய?

ஆக்கர் கடைக்காரர்:
அதை நாங்க வாங்க மாட்டோம் பாப்பா. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக்கிடக்கும்; பிரித்தெடுக்கிற செலவு கட்டாது. பால் கவர் என்றால் கழுவிக் காயவைத்துக் கொண்டு வா, காசு தருகிறேன். புளிச்ச நாற்றத்தோடு வந்தால் வாசலோடு சரி.

ரிட்டயர்டு வாத்தியார், கடையம்:
தயவுசெய்து மைதானத்தில் கொளுத்திவிடாதீர்கள். நகராட்சி வண்டியில் தனி மூட்டையாகக் கொடுங்கள். இந்த மாதிரிக் கவரைச் சிமெண்ட் ஆலைகளில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக், பிளாஸ்டிக் கப்புக்குத் தடை இருக்கிறது. கேண்டீனில் அதையும் பாருங்கள். அப்புறம், சிப்ஸுக்குப் பதில் சுண்டல் விற்கலாம்; தை மாதம் பனங்கிழங்கு மலிவாகக் கிடைக்குமே, அதையும் அவித்து ஓலைக் கொட்டானில் வைத்து விற்றால் என்ன?

மாணவி:
நன்றி ஐயா. கேண்டீன் அண்ணாச்சி சுண்டலுக்குச் சரி என்றுவிட்டார், கிழங்குக்கு யோசிக்கிறார். நார் பல்லில் மாட்டும் என்று பையன்கள் இப்போதே முனகுகிறார்கள்.