நீச்சல் குளத்து (பூல்) ஹீற்றருக்குக் காஸ் குழாய் இழுத்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கோண்டாவில் மருமகன்:
போன மார்கழியில் நடந்தது, இன்னும் மண்டைக்குள் நிற்கிறது. மாமா ரொறன்ரோவில் இருந்து வந்து பின்வளவில் பூல் கட்டினவர். 40,000 லீற்றர் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் ஹீற்றர் என்னத்துக்கு என்று கேட்காத சனம் இல்லை. "மழை தொடங்கினால் பேரப்பிள்ளைகள் இறங்காதுகள்" என்றார், சரி. மணிக்கு 150,000 பி.ரி.யூ (சூட்டை அளக்கிற அலகு) ஹீற்றர். குசினிக்குப் பின்னால் நின்ற 12.5 கிலோ சிலிண்டரில் இருந்து மதில் ஓரமாய் செப்புக் குழாய் இழுத்தாச்சு.

முதல் நாள் விடிய 6 மணிக்குப் பற்ற வைத்தோம். நல்ல நீலச் சுவாலை. கொஞ்ச நேரத்தில் சுவாலை சுருங்கி ஹீற்றர் தானாக நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் சிலிண்டரின் அடிப்பக்கம் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கிறது. அம்மம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு "இதென்னடா, ஐஸ்பழப் பெட்டியோ?" என்றா. மாமா ஒன்றும் பேசவில்லை. வாளியை எடுத்து, பூல் தண்ணீரை அள்ளி அள்ளிச் சிலிண்டருக்கு ஊற்றத் தொடங்கினார். பூலைச் சூடாக்க வந்த சிலிண்டரைப் பூல் தண்ணீரால் சூடாக்கிக்கொண்டு, சாரம் நனைய நிற்கிற மனிசனைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, நிப்பாட்டச் சொல்லவும் வாய் வரவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

காஸ்வேலை:
தம்பி, சிலிண்டரில் பிழை இல்லை, கணக்கில்தான் பிழை. மணிக்கு 150,000 பி.ரி.யூ என்றால் ஏறக்குறைய 44 கிலோவாற். ஒரு கிலோ காஸில் கிட்டத்தட்ட 13 கிலோவாற் மணி சக்திதான் இருக்கு. அப்படியென்றால் உங்கள் ஹீற்றர் மணிக்கு 3 கிலோவுக்கு மேல் குடிக்கும், புதுச் சிலிண்டரும் 4 மணித்தியாலம் தாங்காது. ஆனால் அதற்கு முதலே குளிர்ந்துவிடும். உள்ளே இருப்பது திரவம், அது ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைச் சிலிண்டரின் தகட்டில் இருந்துதான் எடுக்கும். சின்னச் சிலிண்டரில் இருந்து அவ்வளவு வேகமாய் இழுத்தால் தகடு குளிராமல் என்ன செய்யும்? பியூட்டேன் பூச்சியம் பாகைக்குக் கிட்ட ஆவியாகிறதை நிப்பாட்டிவிடும், எங்கள் வீட்டுக் காஸில் அதுதானே கூட. 37.5 கிலோச் சிலிண்டர் மூன்று நாலை ஒன்றாகக் கோர்த்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். இன்னொன்று, 40,000 லீற்றரை 4 பாகை ஏற்ற ஹீற்றரின் இழப்பையும் சேர்த்து 16, 17 கிலோ காஸ் போகும். இரவில் பூலை மூடாவிட்டால் ஆவியாகிப் போகிற சூட்டுக்கு அடுத்த நாளும் காசு கட்ட வேண்டும். முதலில் ஒரு மூடி வாங்கச் சொல்லுங்கள் மாமாவிடம்.

உரும்பிராய் பிள்ளை:
அண்ணை, கணக்கு சரி, ஆனால் எங்கள் வீட்டில் கணக்குப் பார்க்கிற அளவுக்கு வேலை போகவே இல்லை. காஸ் குழாய் புதைக்கக் கிண்டினால் செம்மண் ஒன்றரை அடி, அதுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அலவாங்கு போட்டால் பொறி பறக்குது. வேலைக்கு வந்தவர் அலுத்துப்போய், மேலாகவே பிவிசி குழாயைப் புதைத்துவிட்டார், தண்ணிக்குப் போடுகிற அதே குழாய், அதே பசை.

ஒரு கிழமை போயிருக்கும். காலமை சித்தப்பா கிணற்றடிக்குப் போனவர். மோட்டர் பூட்டியிருக்கிற குழிக்குள்ளே இருந்து கூழ்முட்டை மணம். அவர் எலி செத்துக் கிடக்கு என்று நினைத்துவிட்டு, மோட்டர் சுவிச்சுக்குக் கை நீட்டுகிறார். அம்மா படலைக்குள் வந்தவ, மணம் பிடித்ததும் "தொடாதேங்கோ!" என்று கத்தினா பாருங்கோ, அந்தக் குரல் இப்பவும் காதுக்குள் கேட்கிறது. 2021 கடைசியில் ஒவ்வொரு நாளும் காஸ் அடுப்பு வெடித்த செய்தி பார்த்தவ, அதுதான் மூளை ஓடியிருக்கு. சித்தப்பாவின் விரல் சுவிச்சுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. குழாயில் கசிந்த காஸ்தான் அது. காஸ் காற்றைவிடப் பாரம், குழி கண்டால் இறங்கிக் குந்திவிடும். கிணறும் ஒரு குழிதானே.

சுன்னாகம் சிவம்:
பிவிசியைக் குற்றம் சொல்லாதேங்கோ. எங்கள் வீட்டில் குசினிக்கு 3 வருசமாய் அதில்தான் காஸ் வருது, ஒன்றும் நடக்கவில்லை.

உரும்பிராய் பிள்ளை:
எங்களுக்கும் முதல் 6 நாள் ஒன்றும் நடக்கவில்லை.

காஸ்வேலை:
சிவம், இன்றைக்கே கழற்றுங்கோ. நிலத்துக்குக் கீழே என்றால் காஸுக்கென்றே வருகிற மஞ்சள் பொலித்தீன் குழாய், மேலே என்றால் செம்பு அல்லது இரும்பு. மூட்டில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கோ, குமிழி வந்தால் ஓட்டை. நெருப்புக்குச்சி பிடித்துப் பார்க்கிற ஆட்களும் இருக்கினம், கடவுளே.

மார்க்கம் மச்சான்:
இங்கே கனடாவில் நிலத்துக்குக் கீழே குழாயிலேயே இயற்கை வாயு வருகிறது, அதனால் சிலிண்டர் உறைகிற கதை இல்லை, வேறு கதை. என் ஹீற்றர் 400,000 பி.ரி.யூ. லைசென்ஸ் உள்ள ஆளைப் பிடிக்காமல் தெரிந்த ஒருவரைக் கொண்டு அரை அங்குலக் குழாயை வீட்டுக்குள் இருந்தே நீட்டினேன். பூலில் ஹீற்றர் பற்றியதும் குசினியில் மனிசி தோசை சுட்ட அடுப்பு அப்படியே படுத்துவிட்டது. "அங்க என்ன செய்யிறீங்கள்?" என்று அவ சட்டுவத்தோடு வெளியே வந்த முகம் மறக்காது. பிறகு முறையான ஆள் வந்து மீற்றரையும் மாற்ற வேண்டும் என்றார், மீற்றரில் இருந்தே தனிக் குழாய் இழுத்தோம்.

மருமகன், மாமா அந்த ஹீற்றரை இங்கே இருந்தா கொண்டுவந்தவர்? அப்படியென்றால் ஜெட் (காஸ் வெளியே வருகிற சின்ன ஓட்டை உள்ள முனை) மாற்றினாரா என்று கேளும். இயற்கை வாயுவுக்கு உள்ள ஜெட் ஓட்டை பெரிசு, உங்கள் காஸில் அதே அளவில் இரண்டரை, மூன்று மடங்கு சக்தி. மாற்றாவிட்டால் மஞ்சள் சுவாலையும் கரியும்தான்.

கோண்டாவில் மருமகன்:
ஜெட் கொழும்பில் மாற்றினது, அதுதான் நீலமாய் எரிந்திருக்கு. மூடியும் வாங்கவில்லை, பெரிய சிலிண்டரும் வாங்கவில்லை. மாமா தை மாதமே திரும்பிப் போய்விட்டார். ஹீற்றர் கராஜுக்குள் பொலித்தீன் சுற்றி நிற்கிறது, செப்புக் குழாயின் இரண்டு முனையையும் அடைத்தாச்சு. அம்மம்மா அதில் பாகல் கொடி ஏற்றியிருக்கிறா, காய்க்கவும் தொடங்கிவிட்டது.