பாதி வெலை ஸ்டிக்கரும் அதைச் சுத்தி நடக்கிற சண்டையும்: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

திருப்பூர், கடையில வேலை செய்யறவங்க

திருப்பூர்ல ஒரு சூப்பர் மார்க்கெட்ல வேலை. மொதல்ல பில்லிங்ல இருந்தேன், இப்ப ப்ளோர் சூப்பர்வைசர். தேதி நெருங்கின சரக்குக்கு வெலை கொறச்சு ஸ்டிக்கர் ஒட்டறது என்ற பொறுப்பு. அந்த ஸ்டிக்கரால வாங்க வர்றவங்களுக்கும் எங்களுக்கும் நடக்கற தகராறைப் பத்தி ரெண்டு பக்கமும் மனசு விட்டுப் பேசோணும்னுதான் இதை எழுதறேன்.

எங்க ஊர்ல பனியன் கம்பெனிக்காரங்களுக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை பொழுதோட கையில காசு வரும், அன்னிக்கு ராத்திரியே கடைக்கு வந்துருவாங்க. மத்த நாள் ஏழு மணிக்குப் பத்துப் பேர் நிக்கற எடத்துல அன்னிக்கு நிக்க எடம் இருக்காது. நான் ஸ்டிக்கர் மெசினைக் கையில எடுத்தாப் போதும், பின்னாலயே நாலு ட்ராலி வரும்.

எதுக்கு ஒட்டுவோம், எதுக்கு ஒட்டமாட்டோம்னு நெறையப் பேருக்குத் தெரியறதில்லைங்க. "பிரெட்டுக்கு ஏன் கொறைக்கறதில்ல?"ன்னு வாராவாரம் யாராச்சும் கேப்பாங்க. எங்க கடைக்குப் பிரெட் போடறவங்க வெடியால வண்டியில வரும்போதே விக்காத பாக்கெட்டை எடுத்துட்டுப் போயிருவாங்க. அப்பறம் நாங்க எதைக் கொறைக்கறது? பிஸ்கட், நூடுல்ஸெல்லாம் டிஸ்ட்ரிபியூட்டர் வாபஸ் வாங்கிக்குவார், ஆனா அதுக்கு ஒரு கெடு உண்டு. பன்னீர், தயிர், தோசை மாவு, காளான், வெட்டி வெச்ச காய் இதுக்கெல்லாம் வாபஸே கெடையாது. விக்காட்டி நட்டம் பூராவும் கடைக்கு. அதனால ஸ்டிக்கர் பெரும்பாலும் இதுகளுக்குத்தான் விழும். தேதி முடிய ரெண்டு நாள் இருந்தா கால்வாசி கொறையும், கடைசி நாள் பொழுதோட பாதி.

ஒரு சனிக்கிழமை கடை சாத்தற நேரம். ஷாம்பு ரேக்ல முன்வரிசை பாட்டிலைத் தள்ளி வெச்சா, பின்னால பன்னீர் பாக்கெட் நாலு கெடக்குது. கைல எடுத்தா ஜில்லுன்னு இருக்க வேண்டியது வெதுவெதுன்னு இருக்குது, கவருக்குள்ள வெள்ளைத் தண்ணி விட்டிருக்குது. மத்தியானமே யாரோ எடுத்து ஒளிச்சு வெச்சிருக்காங்க, ஸ்டிக்கர் ஒட்டற நேரத்துக்கு எடுத்து நீட்டலாம்னு. அதுக்குள்ள வேற வேலை வந்து போயிட்டாங்களோ என்னமோ. அதைத் திருப்பி ப்ரிட்ஜ்ல வெச்சு இன்னொருத்தர் வீட்டுக் கொழந்தைக்கு விக்க முடியுமா? நாலையும் டேமேஜ்ல எழுதினேன். பாதி வெலைக்காவது யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய பண்டம் குப்பைக்குப் போச்சு. எனக்கு அதுதான் ஆத்தாமை.

வழக்கமா வர்ற அக்கா ஒருத்தங்க. கையில தயிர் டப்பா.

"அம்மிணி, இது நாளன்னிக்கு முடியுது பாரு. இன்னிக்கே பாதி வெலை ஒட்டிக் குடுத்தா நீ என்ன கொறைஞ்சா போயிருவ?"

"இன்னிக்கு கால்வாசிதானுங்க்கா. பாதி போட்டா சிஸ்டத்துல ஏறாதுங்."

"உன்ற சிஸ்டத்தைத் தூக்கி அடுப்புல போடு."

அந்தக்கா கஞ்சத்தனம் பண்ண வர்றவங்க இல்லைங்க. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை, ரெண்டு பசங்க, வாடகை வீடு. இருபது ரூபா மிச்சமானா அது பஸ் காசு. ஆனா அந்த இருபது ரூபாயைக் கொறைக்கற அதிகாரம் எனக்கில்ல. நான் தப்பா ஒட்டினா வித்தியாசம் என்ற பேர்ல வரும். சில கடைகள்ல சம்பளத்துலயே புடிச்சுக்கறாங்கன்னு கூட வேலை செய்யற புள்ளைங்க சொல்லிக் கேட்டிருக்கறேன்.

இன்னொண்ணு, தேதி முடிஞ்ச சரக்கு. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விக்கக் கூடாது. எங்க கடையில ஓசியாவும் குடுக்கக் கூடாதுன்னு கண்டிசன். கவரைக் கத்திரியில வெட்டித்தான் குப்பையில போடுவோம், யாராச்சும் எடுத்து மறுபடி வித்துறக் கூடாதுன்னு. ஒரு தடவை கடைக்குப் பின்னால தயிர் டப்பாவெல்லாம் வெட்டிக் கொட்டிட்டு இருக்கறோம், வயசான ஆத்தா ஒருத்தங்க நின்னு பார்த்துட்டு, "கண்ணு, கொட்டறதுக்கு எனக்குக் குடுக்கலாமில்ல, என்ற எருமைக்காவது ஊத்துவேனே"ன்னு கேட்டாங்க. அந்தத் தயிரைக் குடுக்க முடியல. முட்டைக்கோசு மேல்தழை, கீரைத்தண்டு, வாடின காய் ஒரு சாக்கு குடுத்தனுப்பினேன். அது கண்டிசனுக்குள்ள வர்றதில்ல.

எங்களைப் பத்தியும் ஒரு சந்தேகம் இருக்குது: "நல்ல சரக்கையெல்லாம் நீங்களே எடுத்து ஒளிச்சுக்கறீங்க." எல்லாக் கடைக்கும் சேர்த்து நான் பதில் சொல்ல முடியாது. எங்க கடையில வேலை செய்யறவங்க தள்ளுபடிச் சரக்கு வாங்கோணும்னா கடை சாத்தின பொறவுதான், அதுவும் மேனேஜர் பில் போட்டாத்தான். பெரும்பாலும் அப்ப ஒண்ணும் மிச்சமிருக்காது.

ஈரோட்டுல இருந்து, வாங்கப் போறவங்க

நீங்க சொன்னது அத்தனையும் நாயந்தானுங்க. எங்க பக்கத்தையும் கேளுங்க.

நான் வீட்டுலயே மெஸ் நடத்தறேன், காலேஜ் பசங்க சாப்பிடறாங்க. காளானும் பன்னீரும் கொறைஞ்ச வெலைக்குக் கெடைச்சா அன்னிக்கு ராத்திரியே குருமா வெச்சு முடிச்சிருவேன். அதனால தள்ளுபடி ரேக் பக்கம் அடிக்கடி நிப்பேன். ஒரு கடையில நான் அங்க போய் நின்னதும் ஒரு தம்பி வந்து ரெண்டடி தள்ளி நிப்பான். நான் நகர்ந்தா அவனும் நகர்வான். முழு வெலைக்குச் சாக்லேட் எடுக்கறவங்க பின்னால யாரும் போறதில்ல. பணம் குடுத்துத்தானே வாங்கறோம்? அந்தப் பார்வை ஒண்ணுக்காகவே அந்தக் கடைக்குப் போறதை விட்டுட்டேன்.

இன்னொரு கடையில நெய் பாட்டில் மேல "சிறப்பு விலை"ன்னு செவப்பு ஸ்டிக்கர். வெலை கொறைவுதான். ஆனா அது கரெக்டா கம்பெனி அச்சடிச்ச எம்.ஆர்.பி.யையும் தேதியையும் மறைச்சு ஒட்டியிருந்துச்சு. என்ற மகன் எடையளவுச் சட்டம் பத்திப் படிச்சவன், அவன் சொல்லியிருந்தான்: 2011ல வந்த பொட்டலப் பொருள் விதிகள்படி கொறைஞ்ச வெலைக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனா பழைய எம்.ஆர்.பி.யை மறைக்கக் கூடாது. ஏத்தி ஒட்டவே கூடாது. பில் போடற புள்ளைகிட்டக் கேட்டேன், பாவம், அது முழிக்குது. "மேனேஜரைக் கூப்பிடு கண்ணு"ன்னேன். அவர் வந்து நகத்துல சுரண்டி எடுத்தார். அடியில தேதி முடிய ஒரு வாரம்தான் இருந்துச்சு. நெய்தானே, ஒரு வாரத்துல எனக்குத் தீர்ந்துரும், சந்தோசமாவே வாங்கியிருப்பேன். மறைச்சதுதான் மனசுக்கு ஆகல. வாங்காம வந்துட்டேன்.

புஞ்சைப் புளியம்பட்டிக்காரர்

எங்க ஊர்ல வியாழக்கிழமை சந்தை. வெடியால ஒரு வெலை, மத்தியானம் ஒரு வெலை, பொழுது சாயற நேரம் தக்காளிக்காரரே கூப்பிட்டு "கூறு கட்டி வெச்சிருக்கறேன், எடுத்துட்டுப் போங்"கறார். கடைசி நேரத்துல வாங்கறவனை யாரும் ஒரு மாதிரி பார்க்கறதில்ல. சாமர்த்தியசாலின்னுதான் சொல்லுவாங்க. மாட்டுச்சந்தையில துண்டுக்குள்ள கையை விட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசறோம், சண்டை மாதிரி தெரியும், பேசி முடிச்சு டீ குடிச்சுட்டுப் போறோம்.

என்னைக் கேட்டா வித்தியாசம் இதுதானுங்க. சந்தையில வெலை சொல்றவரும் கொறைக்கறவரும் ஒருத்தரே. உழவர் சந்தையில 1999ல இருந்தே அன்னாட வெலையைப் பலகையில எழுதிப் போட்டுடறாங்க, அங்க பேச்சே இல்ல. சூப்பர் மார்க்கெட்ல இது ரெண்டும் இல்ல. பலகையும் கெடையாது, பேச ஆளும் கெடையாது. எதுத்தாப்ல நிக்கற புள்ளைக்கு ஒரு ரூபா கொறைக்க உரிமையில்ல, ஆனா அத்தனை ஏச்சும் அதுக்குத்தான் விழுது. அந்தப் புள்ளைகளை ஏசறது எந்த வகையில நாயம்னு நம்ம சனங்க யோசிக்கோணும்.

கோயமுத்தூர், பில்லிங்ல இருக்கறவங்க

ஸ்டிக்கர் சண்டையெல்லாம் ஒரு ஓரமா வைங்க. 2025 செப்டம்பர் 22 எங்களுக்கு எப்படி விடிஞ்சுதுன்னு சொல்றேன்.

அன்னிக்குத்தான் ஜி.எஸ்.டி. கொறைஞ்சது. ஷாம்பு, சோப்பு, பேஸ்ட், தலைக்கு வெக்கற எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்துல இருந்து 5. நெய், வெண்ணெய் 12ல இருந்து 5. ரேக்ல இருந்தது முழுக்கப் பழைய எம்.ஆர்.பி. அச்சடிச்ச சரக்கு. சிஸ்டத்துல வெலை மாத்தியாச்சு, ரேக் அட்டை பாதிக்கு மேல மாத்தல. கடை தொறந்ததும் ஒரு அண்ணன் 100 ரூபா போட்ட ஷாம்பு பாட்டிலோட வந்தார். பில்லுல 89 வந்துச்சு.

"18ல 5 போனா 13. 87 தானே வரோணும்? மீதி ரெண்டு ரூபா யாருக்கு?"

அவர் கேட்டதுல தப்பில்லைங்க, யாருக்குமே அப்படித்தான் தோணும். ஆனா அந்த 100 ரூபாய்க்குள்ளயே பழைய வரி உக்காந்திருக்குது. வரியில்லாத வெலை 84 ரூபா 75 பைசா. அது மேல 18 சதவீதம் போட்டாத்தான் 100. அதே 84.75 மேல 5 சதவீதம் போட்டா 88.98, அதாவது 89. கொறையறது 11 ரூபாதான். இதைக் கால்குலேட்டர்ல போட்டுக் காட்டினேன். அவர் வாங்கி ரெண்டு தடவை அவரே போட்டுப் பார்த்துட்டு, பின்னால வரிசையில நின்னவங்களுக்கும் சத்தமா வெளக்கிச் சொல்லிட்டுப் போனார். அன்னிக்கு எனக்குக் கெடைச்ச ஒரே ஒத்தாசை அதுதான். அதுக்கப்பறம் வந்தவங்க அத்தனை பேருக்கும் அதே கணக்கைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு. மேலிடத்துல இருந்து ஒரு தாள் அச்சடிச்சுக் கவுண்டர்ல ஒட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்.

ரேக்ல ஒரு வெலை, பில்லுல ஒரு வெலைன்னு வந்தா, நான் எப்பவும் வாங்கறவங்க பக்கம்தான். அட்டையைப் பார்த்துத்தானே எடுத்தாங்க? ஆனா மாத்தோணும்னா மேனேஜர் பாஸ்வேர்டு வேணும். அவர் குடோன்ல இருப்பார். அவர் வர்ற வரைக்கும் பின்னால வரிசை நீளும், ஏச்சு எனக்கு. இதுல நாள் முழுக்க நின்னுட்டே வேற. 2021ல கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்யறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கோணும்னு தமிழ்நாட்டுல கொண்டாந்தாங்க. எங்க கவுண்டர்ல ஸ்டூல் இருக்குது, உக்காந்தா "மரியாதை தெரியல"ங்கறாங்க சில பேர். தயவு செஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. உக்காந்துட்டும் பில் வேகமாத்தான் போடுவோம்.

திருப்பூர், மறுபடியும்

புளியம்பட்டி அண்ணன் சொன்ன பலகையை நாங்க வெச்சுப் பார்த்தோம். மொதலாளிகிட்ட ரொம்ப நாள் கேட்டு, ஒருவழியா ஒத்துக்கிட்டார். "தேதி நெருங்கின பொருள்கள் தினமும் இரவு 7.30க்கு இந்த ரேக்கில். ஒருவருக்கு ஒரு வகையில் இரண்டு." எந்தத் தேதிக்கு எவ்வளவு கொறையும்னும் அதுலயே எழுதியிருக்குது. ஸ்டிக்கரை இப்பக் குடோன்லயே ஒட்டித்தான் வெளிய கொண்டாரோம். மெசினைக் கையில வெச்சுட்டு நான் நடக்கறதே இல்ல, பின்னால ட்ராலியும் வர்றதில்ல. ஷாம்பு ரேக்குக்குப் பின்னால பன்னீர் கெடக்கறது ரொம்பக் கொறைஞ்சுபோச்சு. சனிக்கிழமை தள்ளுமுள்ளு இன்னும் இருக்கத்தான் செய்யுது. ரெண்டு பாக்கெட் கணக்குக்குப் புருசன், பொண்டாட்டி, பையன்னு தனித்தனியா வரிசையில வர்றாங்க. வரட்டும், மூணு பேர் சாப்பிடற வீடுதானே.

ஈரோட்டு அக்கா, உங்களை மாதிரி மெஸ் நடத்தறவங்களுக்கு ரெண்டு பாக்கெட் பத்தாதுன்னு தெரியும். எங்க கடையில எட்டரைக்கு மேல மிச்சமிருந்தா அந்தக் கணக்குப் பார்க்கறதில்ல, அப்ப வந்து கேக்கறவங்களுக்கு அத்தனையும் குடுக்கறோம். உங்க பக்கத்துக் கடையிலயும் மேனேஜர்கிட்ட இப்படிக் கேட்டுப் பாருங்க. தேதியையோ எம்.ஆர்.பி.யையோ மறைச்சு ஒட்டியிருந்தா நீங்க செஞ்ச மாதிரியே அங்கயே சுரண்டச் சொல்லுங்க. கேக்காட்டிப் பில்லையும் பாட்டிலையும் போட்டோ எடுத்துட்டு 1915க்குக் கூப்பிடுங்க, அது நுகர்வோர் உதவி எண். எடையளவு விசயம் நம்ம மாநிலத்துல தொழிலாளர் துறைக்குக் கீழ வருது, அங்கயும் எழுதலாம்.

பிரெட்டு வாபஸ் இல்லாத கடைகள்ல என்ன பண்றீங்கன்னு யாராச்சும் எழுதுங்க. எங்களுக்குப் பக்கத்துக் கடையில அது தினமும் பெரிய பேச்சா ஓடிட்டிருக்குது.