டன்னுக்கு 200 ரூபாய்: ஒத்தை லாரிக்காரர் வாடகையில் போட்டி போடுவதா, வேலையில் போட்டி போடுவதா?

சங்ககிரி_பத்துச்சக்கரம்:
போன வாரம் நாக்பூர் ஜவ்வரிசி லோடு ஒன்று கைவிட்டுப் போனது. சரக்கு அனுப்புகிறவர் பல வருஷமாக நான் ஏற்றுகிற பார்ட்டி. செவ்வாய்ப்பேட்டை புக்கிங் ஆபீஸில் பேசி முடித்த பிறகு போன் வருகிறது: "வேற வண்டி டன்னுக்கு இருநூறு கம்மியா வருதுங்க, நீங்க என்ன சொல்றீங்க?" முடியாது என்றேன். லோடு போய்விட்டது.

கணக்கைப் பாருங்கள். பத்துச்சக்கர வண்டிக்கு மொத்த எடை 28.5 டன் என்று 2018-ல் உயர்த்தினார்கள். வண்டி எடை போக 18 டன் ஏற்றுவதாக வையுங்கள். டன்னுக்கு 200 குறைத்தால் 3,600 ரூபாய். சேலத்திலிருந்து நாக்பூர் 1,200 கிலோமீட்டருக்கு மேல், லோடோடு போனால் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்கூடத் தேறாது. டீசலே முப்பதாயிரம் பக்கம் வந்துவிடும். டோல், டிரைவர் பேட்டா, புரோக்கர் கமிஷன் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அப்புறம் அந்த 3,600 எங்கிருந்து வரும்? ஐம்பது வண்டி வைத்திருப்பவர் பெட்ரோல் பங்கிலும் டயர் கடையிலும் சலுகை வாங்கிக்கொள்வார். ஒத்தை வண்டிக்காரன் டயரில் கை வைப்பான், இல்லாவிட்டால் தூக்கத்தில் கை வைப்பான். விலையைக் குறைக்கும் போட்டி நமக்கானது இல்லை என்பதுதான் என் கட்சி. வேலையைச் சுத்தமாகச் செய்து அதற்கான வாடகையைக் கேட்க வேண்டும்.

மண்டி_வியாபாரி:
நான் ஜவ்வரிசி அனுப்புகிறவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். டன்னுக்கு 200 என்றால் கிலோவுக்கு 20 காசு. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் நாக்பூரிலும் இந்தூரிலும் வாங்குகிறவர் சேலத்தில் நாலு பேருக்குப் போன் போட்டு, அந்த 20 காசுக்குத்தான் பேரம் பேசுகிறார். நான் கூட்டிச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரர் லோடு அனுப்பிவிடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நவராத்திரி விரதத்துக்கு முன்னால் வடக்கே சரக்குக் கேட்பு ஏறும்போது வண்டி கிடைக்காது. அப்போது நீங்கள் யாரும் "பழைய பார்ட்டி" என்று பார்ப்பதில்லை. வாடகையை ஏற்றித்தான் கேட்கிறீர்கள், நாங்களும் கொடுக்கிறோம். மந்தமான மாதத்தில் நாங்கள் குறைத்துக் கேட்டால் மட்டும் அநியாயமா?

டியூ_தேதி_7:
அண்ணா, அன்றைக்கு 200 குறைத்தது நான் இல்லை. ஆனால் என்னைப் போல ஒருத்தன்தான் குறைத்திருப்பான். அவனுக்காகப் பேசுகிறேன்.

வண்டி ஓடினாலும் நின்றாலும் வண்டிக் கடனுக்கு மாத டியூ உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, காலாண்டு வரி உண்டு. லாரி ஸ்டாண்டில் மூன்று நாள் நிறுத்தினால் அந்த மூன்று நாள் காசு போனது போனதுதான். டீசல், டோல், பேட்டா போக ஐயாயிரம் மிஞ்சினாலும் அது எனக்கு லாபம். சும்மா நின்றால் அந்த ஐயாயிரமும் இல்லை. உங்கள் வண்டிக்கு டியூ முடிந்திருக்கும், உங்களால் முடியாது என்று சொல்ல முடிகிறது. நேற்று வண்டி எடுத்தவனை எந்தப் பார்ட்டிக்குத் தெரியும்? அவன் கையில் இருப்பது விலை ஒன்றுதான். அதையும் குறைக்காதே என்றால் அவன் எப்படி உள்ளே வருவது?

சங்ககிரி_பத்துச்சக்கரம்:
தம்பி, டியூ முடிந்தது உண்மைதான். நீங்கள் சொல்கிற கணக்கு ரிட்டர்ன் லோடுக்குச் சரி. நாக்பூரில் காலியாக நிற்கிற வண்டி பஞ்சோ எதுவோ டீசல் காசுக்குக் கிடைத்தால்கூட ஏற்றித்தான் ஆக வேண்டும், ஊர் திரும்ப வேண்டுமே. ஆனால் சேலத்திலிருந்து போகிற லோடுக்கே அந்தக் கணக்கைப் போட்டால், இன்றைக்கு நீங்கள் குறைத்த வாடகை அடுத்த வாரம் புக்கிங் ஆபீஸில் எல்லாருக்குமான ரேட் ஆகிவிடுகிறது. ஏழாம் தேதி டியூ கட்ட வேண்டிய உங்களுக்கும் அதே ரேட்தான் கிடைக்கும்.

குறைத்த காசை எங்கே பிடிக்கிறார்கள் என்று தொப்பூர் கணவாயில் போய்ப் பாருங்கள். தர்மபுரி பக்கமிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். இன்ஜின் பிடிப்பு இல்லாமல் முழு எடையும் பிரேக் மேல் விழுகிறது. மிதித்து மிதித்து பிரேக் டிரம் சூடேறி, பிரேக்குக்கான காற்றழுத்தமும் இறங்கிவிட்டால் அதற்குப் பிறகு மிதித்துப் பயனில்லை. எத்தனை வண்டி முன்னால் போகிற கார் மேல் ஏறியிருக்கிறது! மிச்சமாகிற டீசல் சில லிட்டர்தான். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

டியூ_தேதி_7:
நியூட்ரல் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் இரண்டாவது கியரில்தான் இறங்குவேன். ஆனால் குறைந்த வாடகைக்குப் போகிறவன் எல்லாம் அப்படித்தான் ஓட்டுவான் என்று சேர்த்துக் கட்டாதீர்கள். நல்ல வாடகை வாங்கிக்கொண்டு 20,000 அபராதம், டன்னுக்கு 2,000 மேலே என்று தெரிந்தும் ஓவர்லோடு அடிக்கிறவர்களையும் நமக்குத் தெரியும்.

ஏற்காடு_காப்பித்தோட்டம்:
மலையிலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்குப் பெரிய லோடு கிடையாது, சின்ன வண்டிதான். சேலம் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. சனி, ஞாயிறு என்றால் சுற்றுலா வண்டிகள் வேறு. காய வைத்த காப்பிக்கொட்டை பனி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், விலை உடனே இறங்கிவிடும். அதனால் நான் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான். மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கேட்பார், கொடுத்துவிடுவேன். மழை தூறினால் ஏற்ற வேண்டாம் என்று அவரே சொல்வார். குப்பனூர் வழியாக இறங்கும் இன்னொரு பாதை எப்போது தேவலை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் ஒன்று: நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், அதனால் அவர் வேலைக்கு மதிப்புத் தெரிகிறது. நாக்பூருக்கு அனுப்புகிறவர் வண்டி கிளம்பிய பிறகு எதையும் பார்ப்பதில்லை.

மண்டி_வியாபாரி:
அதுதான் விஷயம். வருகிற ஒவ்வொரு லாரிக்காரரும் "நல்லாப் பாத்துக்கறேனுங்க" என்றுதான் சொல்கிறார். எது நல்ல வேலை என்று எனக்குக் காட்டுங்கள்.

சங்ககிரி_பத்துச்சக்கரம்:
சரி, சொல்கிறேன். முந்தின லோடு மிளகாய் வத்தலாக இருந்தால் பலகையைக் கழுவிக் காய வைக்காமல் ஜவ்வரிசி ஏற்ற மாட்டேன். ஜவ்வரிசி வாடையை அப்படியே பிடித்துக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் தாள் விரிப்பேன். தார்ப்பாய் இரண்டு போடும்போது பின்பாயை முதலில் கட்டி, முன்பாயின் ஓரத்தை அதன் மேல் ஏற வைக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடுகிற வேகத்தில் காற்று பாயைத் தூக்கும், மழைத் தண்ணீர் நேராக உள்ளே போகும். முன்பலகை மூலையில் தண்ணீர் தேங்காமல் பாயை இழுத்துக் கட்ட வேண்டும். அங்கே நனைகிற மூட்டைதான் போய்ச் சேரும்போது கட்டிதட்டிப் புளித்த வாடை அடிக்கும்.

அப்புறம் இ-வே பில், சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. வழியில் வண்டி பழுதாகி நின்றால் கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ நீட்டித்துக்கொள்ளலாம். உடனே போன் செய்கிற டிரைவராக இருந்தால்தான் அது நடக்கும். மறைத்தால் செக்கிங்கில் சரக்கோடு வண்டி நிற்கும். நாலு மூட்டை நனைந்தாலும் உங்கள் 3,600 அங்கேயே போச்சு.

மண்டி_வியாபாரி:
இதை ஒத்துக்கொள்கிறேன். புக்கிங் ஆபீஸில் யாரும் எங்களிடம் இப்படிப் பேசுவதில்லை, ரேட்டை மட்டும்தான் சொல்கிறார்கள். ஆனால் எல்லா லோடும் நனைவதில்லையே. மாசியில் மழை ஏது? அந்த மாதத்தில் தார்ப்பாய்க்காக நான் ஏன் கூடக் கொடுக்க வேண்டும்?

டியூ_தேதி_7:
வாடகையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். என்னை அதிகம் கொல்வது ஹால்டிங். இறக்குமிடத்தில் குடோன் நிறைந்திருக்கிறது, கூலிக்காரர் வரவில்லை என்று இரண்டு நாள் நிறுத்துகிறார்கள். ஒரு பைசா கிடையாது. அந்த இரண்டு நாளுக்குக் காசு உறுதி என்றால் டன்னுக்கு 200 என்ன, 250 குறைத்துக்கூட நான் வருவேன்.

சூரமங்கலம்_கணக்கர்:
பாக்கி வாடகைக்கும் ஒரு வழி இருக்கிறது. லாரி வைத்திருப்பவர் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு செய்து வாடகையை நேராகப் பார்ட்டி பெயரில் பில் போட்டால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். தவறி, நிதியாண்டு முடியும் வரை கொடுக்காமல் இருந்தால் அந்தச் செலவைப் பார்ட்டி அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

டியூ_தேதி_7:
அந்தச் சான்றிதழை நீட்டினால் புரோக்கர் அடுத்த வண்டிக்குப் போன் போட்டுவிடுவார். முதலில் ஹால்டிங்கைப் பேசுங்கள்.

மண்டி_வியாபாரி:
ஹால்டிங் நியாயமான கேள்விதான். இறக்குமிடம் சேர்ந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு நாளுக்கு இவ்வளவு என்று எல்.ஆர். என்கிற லாரி ரசீதிலேயே எழுதித் தருகிறேன். நாக்பூர்க்காரரிடம் அதை நான் வாங்கிக்கொள்வேன். அவருக்கும் வண்டியைச் சீக்கிரம் விடத் தோன்றும். ஆனால் வாடகை மார்க்கெட் ரேட்தான்.

சங்ககிரி_பத்துச்சக்கரம்:
மார்க்கெட் ரேட்டுக்கு நான் வருகிறேன். பேசி முடித்த பிறகு அதற்குக் கீழே 200 என்று போன் வரக் கூடாது, அவ்வளவுதான்.

டியூ_தேதி_7:
நாளுக்கு எவ்வளவுங்க அண்ணா? தொகையைச் சொல்லுங்கள், அடுத்த லோடுக்கு நானும் வண்டி தருகிறேன்.