மறு: மவுண்ட் ஐசா – ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்: தொலைவுக்கும் நேரத்துக்கும் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

ஆஸ்திரேலிய உள்நாட்டு வறண்ட நிலம் பற்றிய பள்ளிப் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். குவீன்ஸ்லாந்தின் சுரங்க ஊரான மவுண்ட் ஐசாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தார்ச்சாலையில் ஏறத்தாழ 1,170 கி.மீ. சாலை மேற்கே திரீ வேஸ் என்ற சந்திப்பு வரை போய்த்தான் தெற்கே திரும்புகிறது. நேராகப் பறந்தால் ஏறத்தாழ 670 தான். 'சாலைத் தொலைவு', 'நேர்க்கோட்டுத் தொலைவு' என்று எழுதியிருக்கிறேன். வானில் இருக்கும் நேரம் 'பறப்பு நேரம்'. விமானம் நிலையத்தில் நகரத் தொடங்கியது முதல் போய் நிற்கும் வரை 'பயண நேரம்'. சரியா?

---

ஐயா, உருண்டையின் மேல் நேர்க்கோடு ஏது? 'பெருவட்டத் தொலைவு' என்பதே கணக்குப்படி சரி. பூமியின் நடுவையே மையமாகக் கொண்டு அதன் மேல் போடும் வட்டம்தான் பெருவட்டம். இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி அதன் மேல்தான் போகும். 670 கி.மீ.க்கு இது உறைக்காது. சிட்னியிலிருந்து சாண்டியாகோவுக்குத் தட்டையான படத்தில் கோடு போட்டுப் பாருங்கள். குறுகிய வழி அதற்கு வெகு தெற்கே, அண்டார்க்டிகாப் பக்கம் வளைந்து போகும்.

---

வகுப்பில் நிற்பவள் சொல்கிறேன். 'பெருவட்டம்' என்றதும் பிள்ளைகள் சுற்றுவழி என்றுதான் நினைப்பார்கள். மிகக் குறுகிய வழிக்கு இப்படி ஒரு பெயரா? 'வான்வழித் தொலைவு' போதும்.

---

போதாது அம்மா. பிரிஸ்பேனிலிருந்து பேர்ட்ஸ்வில், பெடூரி, பூலியா என்று இறங்கி ஏறி மவுண்ட் ஐசா போகும் விமானமும் வான்வழிதான். அந்தத் தடத்தின் நீளம் வேறு, நேர்த்தொலைவு வேறு.

---

'தொலைவு' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. தொலைதல் அழிவையும் குறிக்கும். 'தூரம்' வடசொல். சேய்மை இருக்கிறதே! 'வான்சேய்மை' என்றால் என்ன? இல்லையென்றால் வினைத்தொகையாக 'செல்தொலைவு', 'செல்நேரம்' என்று ஆளலாம், வலியும் மிகாது. காதம் என்ற அளவையும் ஒரு பெட்டிச் செய்தியில் சேர்த்தால் நல்லது.

---

காதத்தை இன்னொரு நாள் பேசுவோம், ஐயா. 'பயண நேரம்' என்றால் பெட்டி போட்டுவிட்டுக் காத்திருப்பதும் அதில் சேர்ந்துவிடும். ஆங்கிலத்தில் இதை block time என்பார்கள். அந்தச் சொல் சக்கரத்துக்கு வைக்கும் கட்டையிலிருந்து வந்தது. நம் லாரிக்காரர்களும் கட்டை வைப்பவர்கள்தானே? 'கட்டையெடுப்பு நேரம்' என்று சொல்லலாம்.

அதைவிட முக்கியம் கடிகாரம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கடிகாரம் மவுண்ட் ஐசாவைவிட அரை மணி பின்தங்கியது. மணிக்கு 500 கி.மீ. போகும் விமானத்துக்கு 670 கி.மீ. என்பது 80 நிமிடம். மவுண்ட் ஐசாவில் 10.00 மணிக்குக் கிளம்பினால் அங்கே கடிகாரம் 10.50 காட்டும். திரும்பும்போது 10.00க்குக் கிளம்பினால் 11.50. இரண்டு ஊர் மணியையும் அப்படியே கழித்தால் போக 50, வர 110 நிமிடம் என்று விடை வரும். 'உள்ளூர் மணி' என்ற சொல் பாடத்தில் கட்டாயம் வேண்டும்.

---

உள்ளூர் மணியைச் சேர்த்துவிட்டேன், மிக்க நன்றி. பெரும்பாலோர் சொன்னபடி 'நேர்த்தொலைவு', 'பறப்பு நேரம்' இரண்டும் போகின்றன. மூன்றாவதை 'நகர்வு முதல் நிற்பு வரை' என்று விரித்தே எழுதிவிட்டேன். இனி மாற்ற நேரமில்லை.

---

அச்சுக்குப் போகட்டும். ஆனால் அடுத்த பதிப்பில் சாண்டியாகோ வந்தால் 'நேர்' நிற்காது. பெருவட்டத்தை நான் விடுவதாக இல்லை.