ஆற்றுப்படுத்தல் குழு: ஆரை ஆரோடை இருத்துறது?

மாதர் சங்கச் செயலாளர், ஒட்டுசுட்டான் பக்கம்:
ஆக்களை இழந்த குடும்பங்களைக் கூட்டி ஆற்றுப்படுத்திற குழு தொடங்கிறதெண்டால், முதல் இடத்தைப் பாருங்கோ. நுண்கடன்காரர் கிழமைக்காசு எடுக்கிற பொதுநோக்கு மண்டபத்திலை வைச்சால், தவணை பிந்தினவை அந்த வாசலையே மிதிக்கமாட்டினம். முன்பள்ளிக் கட்டடம்தான் நல்லது. மத்தியானத்தோடை பிள்ளையள் போயிடுவினம், 2.30 இலிருந்து 4 மணி வரை வைக்கலாம். மாசி, பங்குனியிலை அரிவி வெட்டு எண்டால் ஆக்கள் வரேலாது, விட்டுடுங்கோ.

வரவுக் கொப்பியிலை பேர் மட்டும் போதும். அடையாள அட்டை நம்பரும் கையெழுத்தும் கேட்டால், வீட்டுத்திட்டமோ கோழிக்குஞ்சோ எண்டு ஊரே வந்து நிக்கும். ஒண்டும் குடுக்கேல்லை எண்டதும் அடுத்தமுறை பாய் மட்டும்தான் இருக்கும். படம் எடுக்கவே வேண்டாம். திட்டக்காரர் அறிக்கைக்குப் படம் கேட்டால், தேத்தண்ணிக் கோப்பையளைப் படமெடுத்துக் குடுங்கோ.

உளவளத்துணையாளர், கிளிநொச்சி:
அக்கா சொன்னது சரி. ஆனால் குழு உடையிறது கூடுதலாக வேறை காரணத்தாலை. செத்தவீடு நடந்த குடும்பங்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களையும் ஒரே வட்டத்திலை இருத்தாதேங்கோ. எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் எண்டு முதல் ஆக்களுக்கு ஒரு வழி இருக்கு. மற்றவைக்குத் திதியே இல்லை. படத்துக்கு மாலை போடுறதோ இல்லையோ எண்டதிலையே மாமிக்கும் மருமகளுக்கும் கதைபேச்சு நிண்டிருக்கும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலிலை 2017 மாசி 20 இலை தொடங்கின போராட்டத்துக்குப் போய் இருக்கிற தாயிட்டை "ஏற்றுக்கொள்ளுங்கோ அம்மா" எண்டால், அவ திரும்பி வரமாட்டா. நியாயமும்தான்.

எட்டுப் பத்துப்பேருக்கு மேலை வேண்டாம். நடத்த ரெண்டுபேர் வேணும்: ஒருத்தர் கதைக்க, மற்றவர் எழும்பி வெளியிலை போறவரோடை கூடப் போக. முதல் ரெண்டு சந்திப்பிலையும் இழப்பைப்பற்றி நாங்களாகக் கேக்கிறதில்லை. கடைசி கால்மணித்தியாலம் மழை, நெல்லு விலை, பிள்ளையின்ரை ரியூசன் எண்டு கதைச்சு முடியுங்கோ. அழுத முகத்தோடை சைக்கிளிலை ஏத்திவிடாதேங்கோ. முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18 ஐ ஒட்டின கிழமையிலை புது ஆக்களைச் சேர்க்க வேண்டாம், பழைய ஆக்களை விடவும் வேண்டாம்.

முன்பள்ளி ஆசிரியை, விசுவமடு:
சேர், சின்னப் பிள்ளையளை அடுத்த அறையிலை வைச்சுப் பூட்டினால் தாய்க்கும் மனம் நிக்காது. தாய் தெரியிற தூரத்திலை ஒரு பாய், ஈரமணல், களிமண், ஒரு வாளி தண்ணி. பிள்ளை பொம்மையை மணலுக்குள்ளை தாட்டுத் தாட்டு எடுக்கும், தடுக்காதேங்கோ. கிழமைக்கணக்கிலை ஒரு மாற்றமும் இல்லாமல் அதையே செய்தால், உளவளத்துணையாளரிட்டைச் சொல்லுங்கோ.

"அப்பா வெளிநாடு போட்டார்" எண்ட பொய் ஃபோன் அடிக்கிற நேரமெல்லாம் பிள்ளையை ஓடவைக்கும். "நித்திரை கொள்ளுறார்" எண்டால் படுக்கவே பயப்படும். "அப்பா செத்திட்டார், இனி வரமாட்டார், நீ குழப்படி செய்ததாலை இல்லை." இவ்வளவும்தான். கடைசித் துண்டை விடாதேங்கோ, அந்த வயசிலை பிழை தன்னிலைதான் எண்டு நினைக்கும். நாளைக்கும் அதையே கேக்கும், அதே சொல்லிலை மறுமொழி குடுங்கோ. காணாமல் போனவர் எண்டால் "தேடுறம், எங்கை எண்டு தெரியேல்லை" எண்டதுதான் உண்மை.

குடும்பநல உத்தியோகத்தர், நெடுங்கேணி:
குழந்தை தவறின தாயை நிறை பாக்கிற நாளிலை கிளினிக்குக்குக் கூப்பிடாதேங்கோ, வீட்டை போங்கோ. பிள்ளை பிறந்து ரெண்டாம் மூண்டாம் நாளிலை பால் கட்டும், இதை ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லுறதில்லை. குளிர்ந்த துணி வைக்கலாம். நோகாத அளவுக்குக் கொஞ்சமாகப் பீச்சலாம். முழுக்கப் பீச்சினால் இன்னும் சுரக்கும். சிவந்து காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி.

மாதர் சங்கச் செயலாளர்:
தங்கச்சி, நல்ல விசயம். கடிதங்களைப் பற்றியும் சொல்லவேணும். மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவைக்கு, மரணப் பதிவுச் சட்டத்தின்ரை 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஆள் காணாமல் போனதைப் பதிகிற சான்றிதழ் இருக்கு. அதைக் குழுவுக்குள்ளை விளங்கப்படுத்தாதேங்கோ. ஒருத்தி எடுக்க மற்றவ "காசுக்குப் பிள்ளையை வித்திட்டாய்" எண்டு சொல்லுவா. தனியக் கூட்டிக்கொண்டு போங்கோ.

உளவளத்துணையாளர்:
ஆரும் "இருந்தென்ன" எண்டு சொன்னால், சாக யோசிக்கிறீங்களோ எண்டு நேரே கேளுங்கோ; கேட்டால் எண்ணம் வரும் எண்டது பிழை. ஓம் எண்டால் தனியவிடாமல், வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலை அண்டைக்கே வேறை வீட்டுக்கு மாத்திப்போட்டு, மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இரவெண்டால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926 க்கு அடிக்கலாம். பிள்ளைக்கு ஆபத்தெண்டால் சிறுவர் உதவி இலக்கம் 1929.