குறுக்குவெட்டுப் படங்கள் மாணவிகளின் போனில் திறக்கவில்லை, எப்படிச் சிறிதாக்குவது?

தாவரவியல் டீச்சர்:
வணக்கம். திருநெல்வேலி பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறேன். தண்டு, வேர் உள்ளமைப்புப் பாடத்தை மூடுல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஏற்றியிருக்கிறேன். நுண்ணோக்கியின் கண்ணருகு லென்ஸில் போனை வைத்து நானே எடுத்த 18 படங்கள். ஒவ்வொன்றும் 4, 5 எம்பி இருக்கும். பிளேடால் மெல்லிய சீவல் எடுப்பது எப்படி என்று 9 நிமிட வீடியோவும் எடுத்தேன். அது ஒரு ஜிபியைத் தாண்டிவிட்டதால் ஏறவே இல்லை.

நேற்று ஒரு மாணவி போன் செய்தாள். மொட்டை மாடியில் நின்றால்தான் அவளுக்கு சிக்னல் வருமாம். "மேடம், படம் மேலேயிருந்து பாதி வந்து அப்படியே நின்றுவிடுகிறது, சைலம் இருக்கிற பக்கம் வரவே இல்லை" என்றாள். மனசு கேட்கவில்லை.

படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கிப் பார்த்தேன். அப்படியும் அதே தாமதம்தான். வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி இறக்கினால் அளவு குறைகிறது, ஆனால் தண்டில் நீரைக் கடத்தும் சைலக் குழாய்களின் சுவர் கலங்கிவிடுகிறது. தேர்வில் நான் கேட்பதே அந்தச் சுவரைத்தான். என்ன செய்யலாம்?

பிக்சல் அண்ணாச்சி:
டீச்சர், மூலையை இழுத்தால் திரையில் தெரியும் அளவுதான் மாறும். 5 எம்பி கோப்பு முழுசாக அந்தப் பிள்ளையின் போனுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். ஏற்றுவதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

முதலில் வெட்டுங்கள். நுண்ணோக்கிப் படத்தில் வட்டத்தைச் சுற்றிக் கறுப்பாக இருக்குமே, அது கோப்பின் எடையைப் பெரிதாகக் கூட்டாது. ஆனால் படத்தைச் சிறிதாக்கும்போது மிஞ்சுகிற பிக்சல்களில் பாதியைத் தின்றுவிடும். அதை நீக்கிவிட்டு அகலத்தை 1200 பிக்சலுக்குக் கொண்டுவாருங்கள். போனுக்கு அது தாராளம். முழுத் தண்டுக்கு ஒரு படம், ஒரே ஒரு வாஸ்குலார் கற்றைக்கு (சைலம் அடங்கிய குழாய்க் கற்றை) கிட்டத்தில் இன்னொரு படம் என்று மூலப் படத்திலிருந்தே இரண்டாக வெட்டலாம். இரண்டும் சேர்ந்தாலும் அரை எம்பிக்குள் அடங்கிவிடும்.

இதற்கு ஸ்குவூஷ் (Squoosh) என்ற இணையக் கருவி போதும். படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. நடுக்கோட்டை இழுத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜேபெக்கில் தரத்தை 75 என்று வையுங்கள்.

சுவர் கலங்குவதற்கு என் கணிப்பு: சாஃப்ரனின் சாயம் ஏற்றியிருப்பீர்கள், சைலம் நல்ல சிவப்பாக இருக்கும். ஜேபெக் சாதாரணமாக ஒளியை முழுசாக வைத்துக்கொண்டு நிறத்தின் நுணுக்கத்தைப் பாதியாக்கிவிடும். முகம், மரம், வானம் என்றால் கண்ணுக்குத் தெரியாது. அடர் சிவப்பில் மெல்லிய கோடு வந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். மேல்நிலை அமைப்புகளில் க்ரோமா சப்சாம்பிளிங் என்று இருப்பதை நிறுத்திவிடுங்கள். எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. வெப்பி (WebP) என்ற பட வடிவம் சிறிதாக இருக்கும் என்று சொல்வார்கள், ஆனால் அதில் தரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சுருக்கும்போது இந்த நிறக் குறைப்பை நிறுத்த வழியில்லை. உங்கள் படங்களுக்கு ஜேபெக்தான் சரி.

அப்புறம், ப்ரோக்ரெஸிவ் என்ற தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். அப்படிச் சேமித்தால் முழுப் படமும் முதலில் மங்கலாக வந்து, போகப் போகத் தெளியும். பாதியில் நின்றாலும் அவள் கையில் ஒரு முழுத் தண்டு இருக்கும்.

ஒலிவாங்கி:
வீடியோவைச் சுருக்க ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள் மேடம், இலவசம். 720பி, தர எண் 23, ஒலியை மோனோவில் 64 கேபிபிஎஸ். வெப் ஆப்டிமைஸ்டு என்ற பெட்டியில் டிக் போடுங்கள், முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திருக்காமல் ஓடத் தொடங்கும்.

ஒன்று கேட்கலாமா? 9 நிமிடமும் கை அசைவு இருக்கிறதா? நீங்கள் பேசிக்கொண்டு மட்டும் இருக்கும் பகுதியை ஆடியோவாகப் பிரித்துவிடலாம். 64 கேபிபிஎஸ்ஸில் 4 நிமிடப் பேச்சு 2 எம்பிக்குள் முடிந்துவிடும்.

தாவரவியல் டீச்சர்:
அண்ணாச்சி, சாஃப்ரனின்தான், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். சூரியகாந்தித் தண்டின் படம் 4.6 எம்பி இருந்தது, இப்போது 240 கேபி. சுவர் கோடு கோடாகத் தெரிகிறது. அந்த மாணவிக்கு அனுப்பினேன், மாடிக்கு ஏறாமல் திண்ணையில் இருந்தே பார்த்தாளாம்.

வீடியோவில் பிளேடு ஓடுவது 3 நிமிடம்தான். மீதியை ஆடியோவாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மக்காச்சோளத் தண்டு ஒன்றில்தான் தயக்கம். அதில் கற்றைகள் சிதறிக் கிடக்கும். எதை வெட்டிக் கிட்டத்தில் காட்டுவது?

பிக்சல் அண்ணாச்சி:
அது உங்கள் பாடம் டீச்சர், நீங்கள்தான் சொல்ல வேண்டும். எத்தனை வெட்டினாலும் எடைக்குப் பயப்பட வேண்டாம்.

தாவரவியல் டீச்சர்:
அப்படியென்றால் இரண்டு. ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கும் சின்னக் கற்றை ஒன்று, நடுவில் இருக்கும் பெரியது ஒன்று. இன்று இரவே ஏற்றிவிடுகிறேன்.